புட்டிப்பால் குடித்த ரக்கூன் பூனையாகிவிடாது

காட்டுவிலங்கு எதுவானாலும் கண் திறக்காத குட்டியாக எடுத்து, புட்டிப்பால் கொடுத்து, மடியில் போட்டு வளர்த்தால் அது வீட்டுப் பிராணியாகிவிடும் என்ற எண்ணம் இன்று கிட்டத்தட்டப் பொதுப்புத்தியாகிவிட்டது. அதற்கு மிகப் பெரிய விளம்பரம் ரக்கூன். கண்களைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, வளையம் வளையமாகக் கோடு போட்ட வால், திராட்சையை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போடும் ஐந்து விரல் கை. இந்த வட அமெரிக்க விலங்கை நேரில் பார்த்தே இராதவர்களும் அது சோபாவில் மல்லாந்து கிடப்பதைக் கைபேசியில் பார்த்துவிட்டு "நமக்கும் ஒன்று கிடைத்தால் எப்படி இருக்கும்" என்கிறார்கள். பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளுக்குள் குரங்குக் குட்டிகளும் மலைப்பாம்புகளும் அடைந்து கிடப்பதைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறை அடிக்கடி பிடிக்கிறதே, அந்த வியாபாரத்தை நடத்துவதும் இதே ஆசைதான்.

எதிர்த்தரப்பை அதன் பலமான வடிவிலேயே எடுத்துக்கொள்வோம். காட்டில் ரக்கூன் சராசரியாக இரண்டு மூன்று ஆண்டுகளே வாழ்கிறது; வளர்ப்பில் இருபது ஆண்டுவரை இருந்ததுண்டு. உரிமம் பெற்றவர்கள் விற்பது பண்ணையில் பிறந்த குட்டிகளை, காட்டில் பிடித்தவற்றை அல்ல. அமெரிக்காவில் சில மாநிலங்கள் அனுமதிக்கத்தான் செய்கின்றன. அங்கே வானம் இடிந்து விழவில்லை. நாயும் ஒருகாலத்தில் ஓநாய்தான். தாயை இழந்த குட்டியை யாரும் எடுக்காவிட்டால் அது சாகும். கடைசியாக, என் வீட்டுக்குள் நான் எதை வளர்த்தால் அரசுக்கு என்ன?

இவற்றில் ஒன்றிரண்டு வாதங்கள் பாதி தூரம் நடந்துவரும். முழுத் தூரம் வருவது ஒன்றுமில்லை.

1. குட்டி காட்டும் பாசத்துக்குக் கெடு உண்டு.

ரக்கூன் குட்டி பிறந்து ஏறக்குறைய மூன்று வாரம் கண் திறப்பதில்லை. சூடு, பால், கவ்வித் தூக்கும் வாய் என்று அது தேடுவதெல்லாம் தாயை. அந்த இடத்தில் மனிதன் நின்றால் அவனைப் பற்றிக்கொள்ளும். காலைச் சுற்றி வரும், சட்டைக்குள் நுழையும், காது மடலைச் சப்பும். இதைப் பார்த்துத்தான் "என்னைத் தன் அம்மாவாக நினைக்கிறது" என்று வளர்ப்பவர் உருகுகிறார். சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்த ஒட்டுதல் காட்டிலேயே நிரந்தரமில்லை. பிறந்த ஆண்டின் இலையுதிர்காலத்தில் தளரத் தொடங்கி, அடுத்த வசந்தத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். தாய்க்கு அடுத்த ஈற்று வந்துவிடும்; குட்டி தன் வழியைப் பார்க்க வேண்டும். அம்மாவாக இருக்க ஒப்புக்கொண்டவர், அம்மாவை விட்டுப் போகும் வயதும் ரக்கூனுக்கு உண்டு என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒன்றிரண்டு வயதில் பருவம் வந்ததும் கடி தொடங்குகிறது. "வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டதே" என்கிறார் உரிமையாளர். இதில் துரோகம் எங்கே இருக்கிறது? தனக்கென்று ஓர் எல்லையைப் பிடிக்கவேண்டிய வயதில் அந்த விலங்குக்குக் கிடைத்த ஒரே எல்லை ஒரு வரவேற்பறை. அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் பெரிய விலங்கு வளர்த்தவர்தான். கருத்தடை செய்துவிடலாமே என்பார்கள். செய்யலாம், மூர்க்கம் ஓரளவு தணியலாம். ராத்திரி முழுக்க விழித்திருப்பதும், ஏறுவதும், கிளறுவதும், இரை தேடுவதும் அறுவை சிகிச்சையில் போகிறவை அல்ல.

இடமும் ஆளும் பணமும் இருந்தால் சமாளிக்கலாம் என்று சொல்பவர்களுக்கு வெள்ளை மாளிகையைக் காட்டுகிறேன். 1926இல் அதிபர் கால்வின் கூலிட்ஜுக்கு மிஸ்ஸிசிப்பியிலிருந்து உயிருள்ள ரக்கூன் ஒன்று வந்தது. நன்றி நவிலல் விருந்தில் சமைத்துச் சாப்பிடுவதற்காக அனுப்பியது. கொல்ல மனமில்லாமல் குடும்பம் அதை வளர்த்தது. ரெபெக்கா என்று பெயர் வைத்தது. கழுத்தில் பட்டை கட்டியது. குளியல் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஒரு சோப்புக் கட்டியைக் கொடுத்தால் அது நேரம் போவது தெரியாமல் விளையாடும். கூடவே துணிமணிகளையும் கிழித்தது. கடைசியில் ரெபெக்கா போய்ச் சேர்ந்த இடம் வாஷிங்டன் மிருகக்காட்சிசாலை. ஓர் அதிபர் வீட்டால், அத்தனை பணியாளர்களோடு, முடியாமல் போனது இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில் முடியும் என்று யார் உத்தரவாதம் தருவது?

2. பயிற்சியால் மாற்றலாம் என்றால், பயிற்சியாளர்களைக் கேட்போம்.

கெல்லர் பிரெலண்ட், மரியன் பிரெலண்ட் என்ற அமெரிக்கத் தம்பதியர், வெகுமதி கொடுத்து நடத்தையை வடிவமைக்கலாம் என்று உலகுக்குக் காட்டிய பி.எஃப். ஸ்கின்னரின் மாணவர்கள். படித்ததைத் தொழிலாக்கி, விளம்பரங்களுக்கும் காட்சிகளுக்கும் விலங்குகளைப் பழக்கிக் கொடுத்தார்கள். 38 இனங்கள், 6,000க்கும் மேற்பட்ட விலங்குகள். இவர்களைவிட அனுபவசாலிகள் அன்றைக்கு அநேகமாக இல்லை.

1961இல் அவர்கள் எழுதிய கட்டுரையில் ஒரு ரக்கூன் வருகிறது. நாணயத்தை எடுத்து உண்டியலில் போட வேண்டும், போட்டால் தீனி. எடுக்கக் கற்றுக்கொள்வதில் அதற்குச் சிரமமே இல்லை. விடுவதில்தான் வினை. நாணயத்தை உண்டியலுக்குள் கொண்டுபோய் உட்புறச் சுவரில் தேய்க்கும், வெளியே எடுக்கும், சில நொடி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எப்படியோ ஒற்றை நாணயத்தைப் போடப் பழக்கிவிட்டார்கள். அடுத்து இரண்டு நாணயம் கொடுத்தார்கள். அத்தோடு பயிற்சி முடிந்தது. ரக்கூன் உட்கார்ந்து இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தது. உண்டியலுக்குள் முக்கி எடுத்தது, மறுபடி தேய்த்தது. அப்படிச் செய்தால் தீனி கிடைக்காது என்று தெரிந்தும் விடவில்லை. நாளாக நாளாகப் பழக்கம் இன்னும் மோசமானது. நண்டையும் நத்தையையும் தண்ணீரில் துழாவி உருட்டி ஓட்டை நீக்கித் தின்னும் கை அது. தீனியோடு தொடர்புடைய எந்தப் பொருள் கிடைத்தாலும் அந்தக் கை தன் வேலையைத் தொடங்கிவிடும்.

ஆயிரக்கணக்கான விலங்குகளைப் பழக்கிய இருவர் தோற்ற இடம் இது. கண்டிப்பாகப் பேசினால், தட்டிக் கொடுத்தால், பிஸ்கட் நீட்டினால் என் ரக்கூன் திருந்திவிடும் என்று இதற்குப் பிறகும் ஒருவர் சொன்னால் அது நம்பிக்கை, வாதமல்ல.

அந்தக் கையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது. நகங்களுக்கு மேலே மீசைமயிர் போன்ற உணர்மயிர்கள் உண்டு. பொருளைத் தொடுவதற்கு முன்பே அதை உணர்ந்துவிடும். மூளையில் தொடுபுலனுக்கான பகுதியில் முன்னங்கை விரல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தண்ணீரில் நனைந்தால் உள்ளங்கைத் தோல் மென்மையாகி உணர்வு இன்னும் கூர்மையாகிறது. நாம் கண்ணால் பார்ப்பதை ரக்கூன் கையால் பார்க்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

பஞ்சுமிட்டாய்க் காணொளியைப் பலரும் பார்த்திருப்பார்கள். ரக்கூனிடம் பஞ்சுமிட்டாயைக் கொடுக்கிறார்கள். அது தண்ணீருக்குக் கொண்டுபோய் முக்குகிறது. மிட்டாய் கரைந்து காணாமல் போகிறது. இரண்டு கைகளாலும் தண்ணீரைத் துழாவித் தேடுகிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள்: பாவம், சுத்தக்காரன், கழுவித் தின்ன நினைத்து ஏமாந்துவிட்டான்! சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரையை இப்படி முக்குவது பெரும்பாலும் அடைபட்ட ரக்கூன்களின் பழக்கம் என்று லண்டன் மிருகக்காட்சிசாலை விலங்குகளை ஆராய்ந்து 1963இலேயே எழுதிவிட்டார்கள். ஓடைக்கரையில் இரை தேட வழியில்லாத விலங்கு, தட்டில் வந்த தீனியைத் தண்ணீரில் போட்டு அதைத் தேடி எடுக்கிறது. நாம் ரசிப்பது ஒரு கைதி தனக்குத் தானே உண்டாக்கிக்கொண்ட வேலையை.

இதே கை 1907இல் வெளியான ஓர் ஆய்வில் 13 வகைப் பூட்டுகளில் 11ஐப் பத்து முயற்சிகளுக்குள் திறந்தது. பூட்டைத் தலைகீழாக மாற்றி வைத்தும் பார்த்தார்கள், திறந்தது. டொரோண்டோ நகராட்சி 2016இல் ரக்கூனால் திறக்க முடியாதது என்று சொல்லி, சுமார் 3.1 கோடி டாலர் திட்டத்தில், புதிய பச்சைக் குப்பைத் தொட்டிகளை வீடுவீடாகக் கொடுத்தது. இரண்டே ஆண்டில் அவற்றையும் சில ரக்கூன்கள் திறந்துவிட்டன. அந்நகரின் ஸ்கார்பரோவில் குடியிருக்கும் நம்மவர்களிடம் ரக்கூன் வளர்க்கலாமா என்று கேட்டுப்பாருங்கள். கூரைக்குள் குட்டி போட்ட ரக்கூனை வெளியேற்ற ஆள் தேடிய கதைதான் பதிலாகக் கிடைக்கும்.

ஆக, இந்தக் கையை வீட்டுக்குள் திறந்து விட்டால் அலமாரி, மருந்துப் பெட்டி, அடுப்புத் திருகு எதுவும் பத்திரமில்லை. பத்திரத்துக்காகக் கூண்டில் அடைத்தால், எதைப் பார்த்து மயங்கி வாங்கினோமோ அந்தக் கைக்கு வேலையே இல்லை. மூன்றாவது வழி எதையும் இதுவரை யாரும் காட்டவில்லை.

3. நாயும் ஒருகாலத்தில் ஓநாய்தானே?

ஆம். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், எண்ணற்ற தலைமுறைகள் வழியாக. பழக்கப்படுவது ஒரு தனி விலங்குக்கு நடப்பது. வீட்டினமாவது ஒரு பரம்பரைக்கு நடப்பது. முதலாவது அந்த விலங்கோடு செத்துப்போகும்.

பதிலுக்கு உடனே சைபீரிய நரிகளைக் கொண்டுவருவார்கள். கொண்டுவரட்டும். நோவோசிபிர்ஸ்கில் 1959இல் திமித்ரி பெல்யாயெவ் தொடங்கிய அந்தச் சோதனையில் ஒவ்வொரு தலைமுறையிலும் மனிதனைக் கண்டு மிரளாத சில நரிகளை மட்டும் தேர்ந்தெடுத்து இணை சேர்த்தார்கள். சில தலைமுறைகளிலேயே வாலாட்டும் நரிகள் வந்துவிட்டன. ஆனால் இதைக் காட்டுபவர்கள் சோதனையின் முக்கியமான நிபந்தனையைச் சொல்வதில்லை. நரிகளுக்குப் பயிற்சி கொடுக்கவில்லை. மனிதர்களோடு பழகும் நேரத்தையும் கவனமாகக் கட்டுப்படுத்தினார்கள். வளர்ப்பின் பாசம் கலந்தால் பரம்பரைக் குணம் எது என்று தெரியாமல் போய்விடும் என்பதுதான் காரணம். அதாவது, "அன்பாக வளர்த்தால் போதும்" என்ற வாதத்துக்குச் சாட்சியாக அழைக்கப்படுவது, அன்பான வளர்ப்பைத் திட்டமிட்டு விலக்கி வைத்த சோதனை!

2025இல் வந்த இன்னொரு ஆய்வும் இப்போது கையில் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் பொதுமக்கள் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களை ஒப்பிட்டு, நகர ரக்கூன்களின் மூஞ்சி கிராமப்புற ரக்கூன்களுடையதைவிடச் சுமார் 3.5 சதவீதம் குட்டை என்று கண்டிருக்கிறார்கள். வீட்டினமாதலின் தொடக்க அறிகுறியாக இது இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். இருக்கலாம், நான் மறுக்கவில்லை. மூஞ்சி 3.5 சதவீதம் குறைந்ததால் கடி எத்தனை சதவீதம் குறைந்தது என்பதையும் சொன்னால் மேற்கொண்டு பேசலாம்.

4. நீண்ட ஆயுள் எதற்கான சான்று?

காட்டு ரக்கூனின் சராசரி வயதைக் கீழே இழுப்பவை முதல் ஆண்டிலேயே சாகும் குட்டிகள், சாலையில் அடிபடுபவை, வேட்டையில் போனவை. அந்தச் சராசரியை, வளர்ப்பில் மிக அதிக நாள் வாழ்ந்த ஒன்றின் வயதோடு ஒப்பிடுவது கணக்கல்ல. சிறைக்குள் சாலை விபத்து இல்லை என்பதும் உண்மைதான்.

5. "என் வீடு, என் ஆபத்து" என்பது பொய்.

முதலில் புழு. பேலிசாஸ்காரிஸ் என்ற உருளைப்புழு ரக்கூனின் குடலில் அதற்குப் பெரிய தொந்தரவில்லாமல் வாழ்கிறது. அதன் முட்டைகள் எச்சத்தின் வழியாக மண்ணில் விழுந்து ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். கையில் கிடைத்ததை வாயில் போடும் குழந்தை ஒன்று அதை விழுங்கினால் புழுவின் இளம்பருவம் கண்ணுக்கோ மூளைக்கோ போய்விடலாம். மனிதர்களில் இப்படி நடந்தது மிக அரிது, பூச்சி மருந்து கொடுத்து வளர்த்தால் ஆபத்து இன்னும் குறையும். ஆகவே இதை வைத்துப் பயமுறுத்த மாட்டேன்.

வெறிநோய் அப்படியல்ல. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இந்நோயைச் சுமந்து திரியும் முதன்மை விலங்கு ரக்கூன். அங்கே அதன் பரவல்கூட மனிதன் செய்த வேலை: வேட்டைக்காகப் புளோரிடாவிலிருந்து ரக்கூன்களை வடக்கே கொண்டுபோய் விட்டார்கள், 1977இல் மேற்கு வர்ஜீனியாவில் நோய் தலைகாட்டியது, பிறகு கரை நெடுகப் பரவியது. நாய், பூனை, ஃபெரட் கடித்தால் பத்து நாள் அடைத்து வைத்துப் பார்க்கலாம். நோய்க்கிருமி எச்சிலில் எப்போது வரும் என்பது இந்த மூன்றிலும் ஆராயப்பட்டுத் தெளிவாகியிருக்கிறது. ரக்கூனுக்கு அந்தக் கணக்கு இல்லை. உரிமம் பெற்ற தடுப்பூசியும் வளர்ப்பு ரக்கூனுக்கு அமெரிக்காவில் இல்லை. அது மனிதனைக் கடித்துவிட்டால் மூளைத் திசுவைப் பரிசோதிக்க வேண்டும். அதற்கு விலங்கு சாக வேண்டும்.

2024 அக்டோபர் 30 அன்று நியூயார்க் மாநில அதிகாரிகள் ஒரு வீட்டிலிருந்து பீநட் என்ற அணிலையும் ஃபிரெட் என்ற ரக்கூனையும் எடுத்துப் போனார்கள். அணில் ஒருவரைக் கடித்தது என்று சொல்லி, இரண்டையும் கொன்று பரிசோதித்தார்கள். இரண்டுக்கும் நோய் இல்லை. அதிபர் தேர்தல் வாரம், நாடே கொந்தளித்தது. கொந்தளிப்பில் நியாயம் இருந்தது. ஏழாண்டு வீட்டுக்குள் வளர்ந்த அணிலைப் பறிமுதல் செய்யும் விதத்தில் கொஞ்சம் யோசனை வேண்டாமா? ஆனால் வீட்டில் வளர்க்க விட வேண்டும் என்று அதிலிருந்து எடுத்த முடிவு தலைகீழானது. காட்டுவிலங்கை வீட்டில் வைத்தால், ஒரு சின்னக் கடி அதற்கு மரண தண்டனையாகிவிடும். கடிபட்டவர் விருந்தினரோ பக்கத்து வீட்டுக் குழந்தையோ யாராக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான். கடிப்பது ரக்கூனின் இயல்பு. அந்த இயல்புக்குச் சாவு என்று விதித்திருக்கும் இடத்துக்கு அதைக் கொண்டுவந்து குடிவைத்தது யார்? ஃபிரெட் மரத்தில் இருந்திருந்தால் அதை யாரும் தேடி வந்திருக்க மாட்டார்கள்.

ஒரு வீட்டின் கதை இது. ஒரு நாட்டின் கதை வேண்டுமென்றால் ஜப்பான். அமெரிக்க எழுத்தாளர் ஸ்டெர்லிங் நார்த், விஸ்கான்சினில் 1918இல் தான் சிறுவனாக இருந்தபோது வளர்த்த ரக்கூனைப் பற்றி 1963இல் 'ராஸ்கல்' என்ற நூலை எழுதினார். 1977இல் ஜப்பானியத் தொலைக்காட்சி அதை 52 வாரக் கார்ட்டூன் தொடராக்கியது. குழந்தைகள் கிறங்கிப்போனார்கள். உச்சத்தில் மாதத்துக்கு 1,500 ரக்கூன்வரை இறக்குமதியானதாகச் சொல்கிறார்கள். குட்டிகள் வளர்ந்தன, கடித்தன, கிழித்தன. பெற்றோர்கள் காரில் ஏற்றிக் காட்டோரம் விட்டுவந்தார்கள். அந்தத் தொடரின் முடிவே அதுதான்: வளர்ந்துவிட்ட ரக்கூனை இனி வைத்துக்கொள்ள முடியாது என்று சிறுவன் காட்டில் விட்டுவிடுகிறான். ஓராண்டு முழுக்க உட்கார்ந்து பார்த்தவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டு, கடைசிக் காட்சியைச் செய்முறையாக எடுத்துக்கொண்டார்கள். விஸ்கான்சின் காடு ரக்கூனின் சொந்த ஊர். ஜப்பான் காடு அப்படியல்ல என்பதும் யாருக்கும் உறைக்கவில்லை.

இன்றைக்கு ஜப்பானின் ஏறக்குறைய எல்லா மாகாணங்களிலும் ரக்கூன் இருக்கிறது. சோளத்தையும் முலாம்பழத்தையும் தின்கிறது. தவளை, ஆமை முட்டை என்று அந்நாட்டு உயிர்களைத் தின்கிறது. கியோட்டோ, நாரா பகுதிகளின் பழைய கோயில்களில் மரத்தூண்களில் ஐந்து விரல் நகக்கீறல். கூரைக்குள் அதன் கழிப்பிடம். 2005இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் இறக்குமதிக்கும் வளர்ப்புக்கும் தடை போட்டார்கள். அதற்குள் வெள்ளம் தலைக்கு மேல் போயிருந்தது. இப்போது ஒவ்வோர் ஆண்டும் பல்லாயிரக்கணக்கில் பொறிவைத்துப் பிடித்துக் கொல்கிறார்கள். குழந்தைக்குப் பரிசாக வாங்கிய விலங்குகளின் பேரப்பிள்ளைகள் அவை.

பெருக எத்தனை வேண்டும் என்று கேட்டால் ஜெர்மனியைப் பாருங்கள். 1934 ஏப்ரலில் எடர்சே ஏரிக்கரையில் இரண்டே சோடிகளைக் காட்டில் விட்டார்கள். 1945இல் பெர்லினுக்கு அருகே குண்டு விழுந்த தோல்பண்ணையிலிருந்து ஓர் இருபத்தைந்து தப்பின. இன்று அவை லட்சக்கணக்கில் இருக்கின்றன; காசெல் நகரில் வீட்டுக் கூரைகளிலேயே குடித்தனம். என் ஒரு சோடியால் என்ன ஆகிவிடும் என்பவருக்கு இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

6. அப்படியானால் அனாதைக் குட்டியைச் சாக விடுவதா?

எதிர்த்தரப்பில் நான் மதிக்கும் ஒரே கேள்வி இது. பதில் இரண்டு பகுதி. தனியாகக் கிடக்கும் குட்டி எல்லாமே அனாதை அல்ல. தாய் இரை தேடப் போயிருக்கலாம், ஓர் இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டுபோகும் வழியில் இருக்கலாம். தூர விலகி நின்று ஓர் இரவு காத்திருந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். நிஜமாகவே தாய் இல்லையென்றால், வட அமெரிக்காவில் உரிமம் பெற்ற காட்டுயிர் மறுவாழ்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் குட்டிகளைக் கூட்டமாகச் சேர்த்து வளர்க்கிறார்கள், பெயர் வைத்துக் கொஞ்சுவதில்லை, மனிதனோடு ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள், பருவம் வந்ததும் காட்டில் விடுகிறார்கள். மடியில் போட்டு வளர்த்தவர் கெடுப்பது இந்தக் கடைசிப் படியைத்தான். மனிதனைக் கண்டு பயப்படாத, இரை தேடத் தெரியாத ரக்கூனைத் திரும்ப விட முடியாது. மிருகக்காட்சிசாலைகளுக்கும் அவை பொதுவாகத் தேவையில்லை.

ஏற்கெனவே வீடுகளில் இருப்பவற்றை என்ன செய்வது என்ற சிக்கல் நிஜமானது. அவற்றைப் பிடுங்கிக் கொல்லச் சொல்லி நான் எழுதவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் ரக்கூனை ஆக்கிரமிப்பு இனப் பட்டியலில் சேர்த்து விற்பனையையும் வளர்ப்பையும் தடை செய்தபோது, முன்பே வளர்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு விதி வைத்தது. அந்த விலங்கு தன் ஆயுள் முடியும்வரை அதே வீட்டில் இருக்கலாம். தப்ப முடியாதபடி அடைத்து வைக்க வேண்டும், குட்டி போட விடக் கூடாது. அது செத்த பிறகு இன்னொன்று வாங்க முடியாது. நியூயார்க்கிலும் இப்படி ஒரு விதி இருந்தால் நல்லது. அதற்காகப் போராடினால் நானும் கையெழுத்துப் போடுவேன். பண்ணைக் குட்டிகளின் விற்பனையையும் அதே மனுவில் நிறுத்தச் சொன்னால் மட்டும்.